காதுக்குப் பின்னால் ஒரு மேடு

"ஆம்புளையெண்டா மூணு துணி, பொம்புளையெண்டா அஞ்சு துணி. நான் எத்தினை வாங்கட்டும் டொக்டர்?"

அஸீஸா என் அறை வாசலில் நின்று இப்படிக் கேட்டபோது மண்டையோடு மேசையில் இருந்தது. கல்முனைக் கடற்கரையில் யாரோ மதிலுக்கு அத்திவாரம் வெட்ட, மண்ணுக்குள்ளிருந்து வந்தது. வேறு எலும்பு ஒன்றும் கிடைக்கவில்லை. இடுப்பெலும்பு இருந்திருந்தால் ஆணா பெண்ணா என்பதை நின்ற நிலையிலேயே சொல்லியிருப்பேன். அஸீஸா, சுனாமி கொண்டுபோன தன் ராத்தாவை, அதாவது அக்காவை, இருபது வருடமாகத் தேடுபவள். கேட்டது இறந்தவரைப் பொதியும் கபன் துணியைப் பற்றி என்று விளங்கவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நான் மலைநாட்டு ஹட்டன்காரி. சட்ட வைத்தியராக இந்த ஊருக்கு வந்து அதிக நாளாகவில்லை. எலும்பைக் கண்டால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம் என்று அம்மா திட்டுவாள். திட்டுவதில் தப்பில்லை.

நீளம், அகலம், கன்ன எலும்புகளுக்கு இடைப்பட்ட தூரம் எல்லாம் கலிப்பரால் அளந்து சூத்திரத்தில் போட்டேன். ஆண் என்றது. புருவமேடு தடித்திருந்தது. காதுக்குப் பின்னால் இறங்கும் எலும்பு மேடு என் பெருவிரல் நுனி அளவுக்கு இருந்தது. இரண்டும் ஆணுக்குரிய அடையாளம். ஆனால் கணக்கு எல்லைக்கோட்டை மயிரிழையில்தான் தாண்டியிருந்தது. அந்தச் சூத்திரமோ எங்கோ வெளிநாட்டு மண்டையோடுகளை அளந்து செய்தது. இந்தக் கரையில் ஒரு பெண்ணின் தலை எப்படி இருக்கும் என்று அதற்கு யார் சொன்னார்கள்?

ஆண் என்று நான் எழுதினால் அஸீஸாவிடம் இரத்தம் எடுக்க மாட்டார்கள். ஆண்களைத் தொலைத்தவர்களிடம் மட்டும் எடுத்து மரபணுப் பரிசோதனைக்குக் கொழும்புக்கு அனுப்புவார்கள். அவள் கதை அதோடு முடிந்துவிடும்.

"உங்க குடும்பத்து ஆக்களைக் கூட்டிட்டு வாங்க. அவங்க தலை எப்படி இருக்குன்னு பார்க்கணும்" என்றேன்.

மறுநாள் மூன்று ஆண்களோடு வந்தாள். அரசாங்கக் கந்தோர் வேலை என்றால் ஆண்கள்தானே கிளம்புவார்கள். "எல்லாரும் ஒரே வளவா, ஒரே குடும்பமா?" என்று கேட்டேன். "ஓம்" என்றார்கள். அஸீஸாவின் அண்ணன் தம்பிகள் என்று நானே தீர்மானித்துவிட்டேன். மூவரின் காதுக்குப் பின்னாலும் தடவினேன். மேடு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஆண்களுக்கே இப்படியென்றால் அக்காவுக்கு எங்கே இருக்கப்போகிறது?

"இது உங்க அக்கா இல்லம்மா" என்று நேராகவே சொன்னேன். அஸீஸா அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மூவரில் மூத்தவர், நளீர், காதைத் தேய்த்துக்கொண்டு எழுந்தார். "என்ட மண்டையில அவட ராத்தாவத் தேடினா எப்பிடி டொக்டர்? நான் அஸீஸாட மாப்புள, அவவக் கட்டினவன். சம்மாந்துறையில பொறந்தவன். இவர் நிந்தவூர், இவர் அக்கரைப்பற்று. நாங்க மூணு பேரும் இந்தக் குடும்பத்துக்கு வந்த மாப்புள்ளைமார்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எங்கள் பக்கம் பெண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டுக்குப் போவாள்.

"எங்கட ஊர்ல ஊடு வாசல் பொம்புளப் புள்ளைக்கு" என்றாள் அஸீஸா. "நாங்க எல்லாரும் ஒரே ஒழுங்கையிலதான் இருக்கம். ஆம்புளைகள்தான் கலியாணம் முடிச்சுப் போறதும் வாறதும்."

அன்று பின்னேரமே அந்த ஒழுங்கைக்கு, அவர்கள் குடியிருக்கும் சந்துக்குப் போனேன். ஆண்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு முக்காடுகளை எடுத்தார்கள். தங்கச்சி, தங்கச்சியின் மகள், ராத்தாவின் மகள் றிப்னா என்று வரிசையாகத் தலையைக் காட்டினார்கள்.

"பேன் பாக்க வந்தீங்களா டொக்டர்?" என்று றிப்னா கூச்சத்தில் நெளிந்தாள்.

ஒவ்வொருத்திக்கும் காதுக்குப் பின்னால் அதே மேடு, நல்ல திரட்சியாக. நெற்றியில் அதே தடித்த புருவமேடு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "என் சூத்திரம் இங்க வந்தா உங்க எல்லாரையும் ஆம்பளைன்னு எழுதிட்டுப் போயிடும்!" என்றேன். வீடே சிரித்தது. அஸீஸா மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப ராத்தாக்கும் இருந்திருக்கும்" என்றாள்.

அது ராத்தாதான் என்று சொல்ல அந்த மேடு போதாது. பெண்ணாகவும் இருக்கலாம் என்று சொல்லப் போதும். அப்படியே எழுதினேன். அஸீஸாவிடமும் றிப்னாவிடமும் இரத்தம் எடுத்தார்கள்.

மாரி மழை தொடங்கிய பிறகு முடிவு வந்தது. ராத்தாதான்.

ராத்தாவை எடுத்துப்போக வந்த அஸீஸாவின் கையில் ஒரு பை இருந்தது. தலை மட்டும் என்றபடியால் ஒரு துணி போதும் என்று பள்ளிவாசலில் சொன்னார்களாம். அவள் ஐந்தும் வாங்கி வந்திருந்தாள்.

"ஒருக்காத் தொட்டுப் பாக்கட்டா டொக்டர்?"

தலையாட்டினேன். ஒரு கையால் தன் காதுக்குப் பின்னால் தடவினாள். மற்றக் கையால் மண்டையோட்டில் அதே இடத்தைத் தேடினாள். என் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

"எத்தின நாள் இந்தத் தலையில பேன் பாத்திருப்பன்" என்றாள். "இப்பிடி ஒண்டு இருந்தது எனக்குத் தெரியாமப் போச்சே."