சஹன் வைத்த வெள்ளிக்கிழமை

உக்குவளையில், கண்டி வீதியோரம் இருந்த அன்ஸாரின் கராஜில் களவு என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. களவெடுத்த வண்டி வந்தால் ‘மாப்பிள்ளை வந்தீக்கி’ என்பார்கள். அதைக் கழற்றிப் பாகம் பாகமாக விற்பதற்குப் பெயர் ‘சஹன் வைப்பது’. கல்யாண வீட்டில் சஹன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கமாகச் சோற்றை அள்ளுவார்களே, அதே மாதிரிதான். என்ஜின் ஒருவனுக்கு, கியர்பெட்டி ஒருவனுக்கு, சில்லுகள் இன்னொருவனுக்கு.

இந்தப் பாஷையைக் கண்டுபிடித்த புண்ணியவான் றிகாஸ். அன்ஸாரின் மனைவி நஸ்மியாவின் தம்பி, கராஜில் அவனுக்கு வலது கை. வெளிநாட்டு வண்டிகள் வருவது நின்றுபோய், உதிரிப்பாகமெல்லாம் யானை விலை குதிரை விலை விற்ற வருடத்தில்தான் முதல் வண்டி வந்தது. இருவரும் அன்று ஒரு வலீமா கல்யாண விருந்தில், பள்ளிவாசல் தலைவரோடு ஒரே சஹனில் கை வைத்திருந்தார்கள். றிகாஸின் ஃபோன் அடித்தது. கேட்டுவிட்டு வைத்தவன், தலைவர் இருக்கிறாரே என்று ஒரு கணம் முழித்தான். பிறகு, மாப்பிள்ளை வந்துவிட்டதாம், சஹன் வைக்கச் சொல்லவா என்று மச்சானிடம் கேட்டான். தலைவர் மேடையில் ஏற்கனவே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி சோற்றில் கவனம் வைத்தார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. கூடவே ஒரு சட்டமும் வந்தது: மாப்பிள்ளையின் வீடு எதுவென்று கேட்கக் கூடாது. நம்பர் தகடு, ஸ்டிக்கர், சாமி படம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் கொண்டுவருவார்கள். கராஜில் எவனும் எதையும் கேட்கமாட்டான்.

பொலிசுக்குப் பயந்து உண்டாக்கிய பாஷை என்று றிகாஸ் பெருமையடிப்பான். சுத்தப் பொய். எந்தப் பொலிஸ்காரன் அங்கே வந்து ஒட்டுக்கேட்டான்? அந்தச் சொற்கள் உதவியது அன்ஸாருக்குத்தான். பள்ளிக்கூடத்தில் அடுத்தவன் பென்சிலை எடுத்ததற்காக வாப்பா கையில் சூடு வைத்த பிள்ளை அவன். களவு வண்டியை வெட்டவா என்று யாராவது கேட்டிருந்தால் அந்தக் கை நடுங்கியிருக்கும். சஹன் வைக்கவா என்று கேட்டால் நடுங்கவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்கிற கதை இதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்கு முன்னால், பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டியோரம் அன்ஸார் கைகால் முகம் கழுவி ஒளு எடுத்துக்கொண்டிருந்தபோது றிகாஸ் ஃபோன் பண்ணினான்.

“மச்சான், மாப்பிள்ளை வந்தீக்கி. ஆட்டோ. சஹன் வைக்கவா?”

சுற்றிலும் ஊரே நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தது. “வை” என்றான் அன்ஸார். என்ன நிறம் என்றுகூடக் கேட்கவில்லை. ஃபோனை வைத்துவிட்டு மிச்சமிருந்த இரண்டு காலையும் கழுவினான்.

தொழுது, வீட்டில் சாப்பிட்டு, அவன் கராஜுக்கு வந்தபோது என்ஜின் நாலந்தா போகும் லொறியில் ஏறிவிட்டிருந்தது. கூடு நாலு துண்டாகக் கிடந்தது. யாருக்கும் உதவாத சாமான்களை மூலையில் குவித்திருந்தார்கள். அந்தக் குவியலில் ஒரு வளைந்த கம்பி. மேலே பஞ்சு சுற்றிச் சிவப்பு றெக்சின் தைத்திருந்தது. அன்ஸார் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தான். தன் கையெழுத்து ஒருவனுக்குத் தெரியாமல் போகலாம், வெல்டிங்காரனுக்குத் தன் ஒட்டு தெரியாமல் போகாது.

மேலே தோட்டத்திலிருந்து ஆட்டோ ஓட்டும் நாகமுத்துவுக்கு அவன் போன வருடம் அடித்துக் கொடுத்த கம்பி அது. அதை அடித்த அன்றைக்கு றிகாஸ் லீவு. நாகமுத்துவின் மகள் நிஷாந்திக்கு ஒரு முழங்கால் மடங்காது. பஸ்ஸில் ஏற முடியாது. அப்பாவின் ஆட்டோவில் காலை நீட்டி வைக்க ஒரு கம்பி கட்டிக்கொடுத்தால், மாத்தளையில் பள்ளிக்கூடம் போய்ச் சாதாரண தரச் சோதனை எழுதிவிடுவாள். அன்ஸார் பிள்ளையை உட்கார வைத்து, இடுப்பிலிருந்து குதிகால் வரை நாடா பிடித்து அளந்தான். காசு வாங்கவில்லை. சோதனை பாஸானால் ஒரு டொபி கொண்டுவந்து தா என்று சொல்லி அனுப்பினான்.

கம்பியைச் சாக்குக்குள் சுற்றி மேசைக்குக் கீழே தள்ளினான். றிகாஸிடம் ஒன்றும் சொல்லவில்லை. தேள் கொட்டிய திருடன் கத்துவானா?

பின்னேரம் நாகமுத்து நடந்தே வந்துவிட்டான். காலையில் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவை நிறுத்தி, மகளைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்தால் வாசலில் ஆட்டோ இல்லையாம். தனக்குச் சிங்களம் சரியாக வராது, அண்ணன் மாதிரி அன்ஸார் நானாதான் கூட வந்து பொலிசில் பேசித்தர வேண்டும் என்றான். அன்ஸார் சட்டையை மாட்டிக்கொண்டான். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் வாயில் வரவில்லை.

சார்ஜண்ட் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். அடையாளம் ஏதாவது உண்டா என்று சிங்களத்தில் கேட்டார், அன்ஸார் அதைத் தமிழில் கேட்டான்.

“பின்னால ஒரு கம்பி இருக்குங்க நானா. நீங்க கட்டித் தந்தது. அத சொல்லுங்க, அது போதும். அப்புடி ஒண்ணு வேற எந்த வண்டிலயும் இருக்காது.”

அன்ஸார் சொன்னான். சார்ஜண்ட் எழுதிக்கொண்டார். யார் மீதாவது சந்தேகம் உண்டா என்பது அடுத்த கேள்வி.

நாகமுத்து தலையை ஆட்டினான். “யார சொல்றது நானா. திங்கக்கெழம புள்ளைக்கு சோதன. நான் தோள்ல தூக்கிட்டாவது போவேன். வண்டி கெடைக்காட்டி, வேற வண்டில அந்தக் கம்பி மாதிரி ஒண்ணு அடிச்சித் தருவீங்க தானே?”

‘யார் மீதும் சந்தேகம் இல்லை’ என்று ஒரு வரி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். உண்மையைச் சொன்னால் கராஜ் போகும், றிகாஸும் அவனும் உள்ளே போவார்கள், நஸ்மியா தெருவில் நிற்பாள். சார்ஜண்ட் பேனாவோடு காத்திருந்தார். அன்ஸார் வாயைத் திறந்தான். ஆட்டோ தன்னுடைய கராஜில் கிடக்கிறது என்று சிங்களத்தில் சொன்னான். எப்படி வந்தது என்று சார்ஜண்ட் கேட்டார். மாப்பிள்ளையும் சஹனும் அந்த மேசையில் செல்லாது. “ஹொரக்கம்” என்றான். களவு. அது களவென்று தெரிந்தேதான் வெட்டச் சொன்னேன் என்றான்.

சார்ஜண்ட் பேனாவை மூடி வைத்துவிட்டு அன்ஸாரையே பார்த்தார்.

அந்த ஒரு சொல் மட்டும் நாகமுத்துவுக்கு விளங்கியது. நானா தனக்காகத்தான் வாதாடுகிறார் என்று நினைத்து முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். “ஆமா சார், ஹொரக்கம்தான். நல்லா அழுத்திச் சொல்லுங்க நானா.”

அன்ஸார் அவன் பக்கம் திரும்பினான். இனித் தமிழிலும் சொல்ல வேண்டும்.

“நாகமுத்து, களவெடுத்த ஒங்கட வண்டிய வெட்டச் சொன்னது நான்தான். கம்பி கராஜ்ல ஈக்கி.”

நாகமுத்து விளங்காதவன் போல அன்ஸாரின் கைகளைப் பார்த்தான்.

“நீங்கதானே நானா புள்ளயோட கால அளந்தீங்க” என்றான்.