மேலக் கடை

இமயமலை ஏற வேண்டும் என்று அம்மா சொன்னபோது அப்பா வயலிலிருந்து வந்து அடிபம்பில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாசப்படி ஏற முட்டியப் புடிச்சுக்கிட்டு நிக்கிற. இமயமலையாம்ல?"

"அதுக்குத்தான் சொல்றேன்," என்றாள் அம்மா. "பொங்கலுக்கப்புறம் ஆபரேஷன்னுட்டாங்க. இந்த முட்டிய எடுத்துட்டு வேற ஒண்ண மாட்டிட்டா அப்புறம் அது டாக்டரு காலு. என் காலுல ஒருதரம் ஏறிப் பாத்துடணும்."

அப்பா மறு காலைப் பம்புக்கு நீட்டினார். அறுப்பு மிஷின் எப்போது வரும் என்பதுதான் அந்த வாரம் முழுவதும் அவர் மனதில் இருந்தது.

அம்மாவின் தலையில் மலையை ஏற்றியவள் ஃபெபி. நானும் அவளும் தஞ்சாவூர் தெற்கு வீதியில் ஒரு மாடி அறையில் மாலை நேர இந்தி வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காருவோம். பகலில் நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன், அவள் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். டெல்லியில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். போவதற்கு முன் எங்காவது போய்வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவள், ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். துங்கநாத். மிக உயரத்தில் இருக்கும் சிவன் கோயில். சோப்தா என்ற இடத்திலிருந்து கல் பாவிய பாதை. முதல்முறை மலை ஏறுகிறவர்களுக்கும் ஏற்றது என்று வீடியோவில் ஒருவர் சொன்னார்.

அம்மா அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். "இந்த ஆயாவெல்லாம் நடக்குதே," என்று கூட்டத்தில் போன ஒரு கிழவியைக் காட்டினாள்.

டாக்டரிடம் ஃபெபிதான் கேட்டுவந்தாள். மெதுவாக ஏறினால் பரவாயில்லை, இறங்கும்போதுதான் முட்டி படுத்தும் என்றாராம்.

நான் எதையும் திட்டமிடாமல் செய்யமாட்டேன். திட்டமிட்ட பிறகும் சரியாகத்தான் செய்கிறேனா என்ற சந்தேகம் போகாது. எங்கள் ஊரில் பயிற்சிக்கு ஒரு மேடு கூடக் கிடையாது. வாய்க்காலில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துத்தான் நிலத்தின் சரிவைச் சொல்ல முடியும். அதனால் ரயில்வே மேம்பாலத்தில் அம்மாவை ஏற்றி இறக்கினேன். கேரியரில் கீரைக்கட்டோடு சைக்கிள் தள்ளி வந்த ஒருவர், "என்னம்மா, பஸ்ஸ விட்டுட்டீங்களா?" என்று தினமும் கேட்பார். அம்மா தினமும் ஒரு பதில் வைத்திருப்பாள். அந்த மாலைகளை இப்போது நினைத்தால் அவளுடைய மூச்சு வாங்கும் சிரிப்புதான் முதலில் வருகிறது.

எனக்கு இருந்த பெரிய பயம் மொழி. குதிரைக்காரரிடம், வழிகாட்டியிடம், கடைக்காரரிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று வாக்கியங்களாகப் பழகினேன். மேலே, கீழே, இடது, வலது, வலிக்கிறது, தண்ணீர் வேண்டும். அம்மாவுக்கு ஒரே ஒரு விதிதான் சொன்னேன். நாம் பிரிந்துவிட்டால், சொன்ன இடத்தைவிட்டு நகரக்கூடாது. யார் கூப்பிட்டாலும் போகக்கூடாது.

"நான் என்ன கன்னுக்குட்டியாடி?" என்றாள்.

அப்பா வரவில்லை. "மலை எங்கயும் போயிடாது. மழை வந்தா நெல்லு போயிடும்," என்று ரயிலடியில் விட்டுவிட்டுத் திரும்பினார்.

சோப்தாவில் விடியும்போது வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. அம்மா சேலைக்கு மேல் என் ஸ்வெட்டரையும், அதற்கு மேல் ஃபெபியின் கோட்டையும் போட்டுக்கொண்டு, சூரியன் வந்த பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். நாங்கள் அங்கே சேர்ந்துகொண்ட குழுவின் வழிகாட்டி ராவத் என்பவர். எல்லோரையும் நிறுத்தி ஒன்று சொன்னார். ஒரு மணிக்குள் கோயிலை எட்டாதவர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே திரும்ப வேண்டும். பிற்பகலில் வானம் மாறும், அதற்குமேல் பேச்சில்லை. நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"ஒரு மணிக்கு நான் ஒரு குண்டு வயல நட்டு முடிச்சிருப்பேன்," என்றாள்.

நாற்று நடுகிற வேலைக்குப் பன்னிரண்டு வயதில் இறங்கியவள் அவள். சொந்த நிலம் வந்ததெல்லாம் நான் பிறந்த பிறகுதான்.

முதல் பாதி நன்றாகவே போனது. ஃபெபி மற்றவர்களோடு முன்னால் போய்விட்டாள். நான் அம்மாவின் பக்கத்திலேயே நடந்தேன். ஒவ்வொரு வளைவிலும் கடிகாரத்தைப் பார்த்தேன். முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். தண்ணீர் குடி என்றேன். ஒரு பாறையில் உட்கார்ந்தவள் என்னை முறைத்தாள்.

"நீ முன்ன போடி. மேஸ்திரி மாதிரி பக்கத்துல நின்னு மணி பாத்துக்கிட்டே இருந்தா எனக்குக் காலு வரமாட்டேங்குது."

"தனியாவா?"

"இத்தன பேரு போறாங்க, வராங்க. போ. உக்கார ஒரு எடம் புடி. டீ சொல்லி வை. வந்துடுறேன்."

அங்கிருந்து பார்த்தபோது இரண்டு டீக்கடைகள் தெரிந்தன. பாதை சற்று தூரத்தில் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை செங்குத்தாக ஏறி, முகட்டில் இருந்த நீலத் தார்ப்பாய்க் கடைக்குப் போனது. அதுதான் கோயிலுக்குப் போகும் வழி. இன்னொன்று ஏறாமல், புல்வெளியின் ஓரத்தில் இருந்த தகரக் கடைக்குப் போனது. இரண்டையும் காட்டினேன்.

"மேலக் கடையில உக்காந்துக்க. தெரியுதா? மேலக் கடை. அங்கேருந்து சேந்து போவோம்."

"மேலக் கடை. தெரியுது, போ."

நான் நீலக் கடையை அடைந்தபோது பின்னால் பனிமூட்டம் பாதையை மூடத் தொடங்கியிருந்தது. இரண்டு டீ சொன்னேன். அம்மாவின் டீயில் ஆடை படிந்தது. இன்னொன்று சொன்னேன். அதுவும் ஆறியது. மூட்டத்துக்குள்ளிருந்து முகங்கள் வந்தன, ஒன்றுகூட அம்மா இல்லை. போனில் அவள் படத்தைக் காட்டி, பழகிவைத்த இந்தியில் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். எல்லோருக்கும் என் இந்தி புரிந்தது. யாரும் அவளைப் பார்க்கவில்லை. போனில் சிக்னல் இல்லை.

இறங்கிப் போய்த் தேட வேண்டும் என்று எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். நான் நகர்ந்த நேரத்தில் அவள் இங்கே வந்துவிட்டால்? விதியைச் சொன்னவளே நான். பாதையின் ஓரத்தில் தடுப்பு இல்லாத இடங்கள் ஒவ்வொன்றும் கண்முன் வந்தன. அவளுக்கு இந்தியில் ஒரு சொல் கூடத் தெரியாது. தண்ணீர் என்று கேட்கவாவது கற்றுக்கொடுத்திருக்கலாம்.

குழுவைக் கோயிலில் விட்டுவிட்டு ராவத் எங்களைத் தேடி வந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் கீழே இறங்கிப் போய்விட்டார். சிறிது நேரத்தில் மூட்டத்துக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது. "மாதாஜி இங்கே இருக்கிறார்!"

தகரக் கடையில், அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு சாக்கின் மேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள் அம்மா. கடைக்காரரின் மனைவி உரித்துக்கொடுத்த பட்டாணியைத் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள்தான் முதலில் சத்தம் போட்டாள்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? சொன்ன எடத்துல இருக்க மாட்டியா?"

"நானா? மேலக் கடையில உக்காருன்னுதானே சொன்னேன்?"

"மேலக் கடையிலதான உக்காந்திருக்கேன்!"

"இதாம்மா கீழக் கடை. மேல இருக்கு பாரு, அது மேலக் கடை."

"யாருடி இவ? காலையில சூரியன் அந்தப் பக்கம் வந்துச்சா? அப்ப அது கீழக் கடை. இது மேலக் கடை. கண்ணக் கட்டிவிட்டாலும் எனக்கு மேல கீழ தெரியும்."

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது அடுப்போரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊரில் தண்ணீர் மேற்கிலிருந்து வரும், கிழக்கே போகும். மேலவயல் என்றால் மேற்கில் இருக்கும் வயல். கீழக்கரை என்றால் கிழக்குக் கரை. எங்கள் தெரு கீழத்தெரு. நானும் அப்படிப் பேசித்தான் வளர்ந்தேன். இந்தியில் தவறிவிடக்கூடாது என்று அத்தனை நாள் பயந்தேன், தவறு தமிழில் வந்தது.

"மலையில மேலன்னா உசரம்தானேம்மா?" என்றேன். குரல் அழுகையாக வந்தது.

"மேலன்னா உசரம்னு யாரு சொன்னா? நம்மூரு மேலத்தெரு நம்ம தெருவவிட ஒரு விரக்கடை கூட உசரம் கெடையாது," என்றாள் அம்மா. அதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். எதற்கென்று தெரியாமல் கடைக்காரரின் மனைவியும் சிரித்தாள்.

ராவத் சிரிக்கவில்லை. கடிகாரத்தைக் காட்டினார். மணி ஒன்றை நெருங்கிவிட்டது. கோயில் இன்னும் முக்கால் மணி நேர ஏற்றம், அம்மாவின் நடைக்கு அதற்கும் மேல். வடக்கே மேகம் கறுத்திருந்தது. நான் கெஞ்சினேன். படித்த இந்தி முழுவதையும் அங்கே கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு வழி சொன்னார். குதிரை. குதிரையில் போனால் இப்போதும் போய்வந்துவிடலாம்.

அம்மாவிடம் சொன்னேன். "ஏறிக்கம்மா. இவ்ளோ தூரம் வந்துட்டோம். சாமியப் பாத்துட்டு வந்துடலாம்."

அம்மா வாசலில் நின்ற குதிரையைப் பார்த்தாள். அது புல்லிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது.

"குதிரை ஏறுனா குதிரைக்குத்தான புண்ணியம்," என்றாள். பிறகு சிரிப்பில்லாமல், "எத்தன தூரமா இருந்தாலும் என் காலு எதுவரைக்கும் வந்துச்சோ அதான் நான் வந்தது. நீ வேணா ஓடிப் போயிப் பாத்துட்டு வா. நான் இங்கேயே இருக்கேன்."

"எந்தக் கடையில?" என்று கேட்டேன். முதுகில் ஒரு அடி விழுந்தது.

நான் போகவில்லை. மறுபடி அவளை ஒரு கடையில் விட்டுவிட்டுப் போக எனக்குத் தைரியம் இல்லை.

இறக்கத்தில் முதல் சில அடிகளிலேயே அவள் முகம் மாறிவிட்டது. டாக்டர் சொன்னது இதைத்தான். காலைக் கீழே வைக்கும்போதெல்லாம் முட்டி குத்தியது. பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மலையைப் பார்த்துத் திரும்பி நின்று, பின்பக்கமாக ஒரு அடி வைத்தாள். இன்னொன்று வைத்தாள்.

"இப்ப குத்தல," என்றாள். "நடவுல என்னைக்கு முன்னால நடந்தோம்? நட்டு நட்டுப் பின்னாலதான போவோம். வரப்புத் தட்டுறப்பத்தான் நிமுருவோம். நீ வரப்பப் பாத்துச் சொல்லு."

நான் அவளுக்கு ஒரு அடி முன்னால், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இறங்கினேன். ஒரு கையைப் பின்னால் நீட்டி அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். "கல்லு வருது. இப்ப வளைவு. வலப்பக்கம் வா." அவள் கைக்கு எது இடது, எது வலது என்று பார்த்து அதை மட்டும் சொன்னேன். வேறு எந்தச் சொல்லையும் நம்ப முடியவில்லை. ஏறி வந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

மேலிருந்து ஃபெபி ஓடிவந்து எங்களைப் பிடித்தாள். "ஆண்ட்டி! என்ன, எனக்கு முதுகு காட்டாம மரியாதையாப் போறீங்க?"

"நீ சாமியப் பாத்தியாடி?"

"நெத்தியப் பாருங்க. லூத்தரன் நெத்தியில சந்தனம். எங்க சர்ச் ஐயரு பாத்தா சபையவிட்டே தள்ளிடுவாரு. உங்க பேரச் சொல்லிக் கும்பிட்டேன். பூசாரி கோத்திரம் கேட்டாரு. தஞ்சாவூர்னு சொல்லிட்டேன்."

அம்மா சிரித்ததில் அவள் இடுப்பு என் கையில் குலுங்கியது. கொண்டுவந்த கற்கண்டை ஃபெபி அவள் வாயில் போட்டாள். பிறகு இருவரும் எதிரெதிர் முகம் பார்த்துப் பேசிக்கொண்டே இறங்கினார்கள், ஃபெபி முன்னோக்கி, அம்மா பின்னோக்கி. எனக்குக் கேட்டது அவர்கள் குரல் மட்டும்தான்.

ஃபெபி இப்போது டெல்லியில் இருக்கிறாள். பெஞ்சில் அவள் இடத்தில் வேறொரு பெண் உட்காருகிறாள். அம்மாவின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் கால் நன்றாக நடக்கிறது, வாசற்படியில் நிற்பதில்லை. ஆனாலும் அந்த இறக்கத்தில் என் கையில் சாய்ந்த கனத்தோடு அவள் அதன்பிறகு என்மேல் சாய்ந்ததில்லை. அதற்குத் தேவை வரவில்லை. நல்லதுதான் என்று நினைக்கிறேன்.

அன்று இறங்கும் வழியில் ஓரிடத்தில் ஃபெபியின் பேச்சு பாதியில் நின்றது. என் கையில் இருந்த இடுப்பும் நின்றது. முன்னால் புல்வெளியில் வெயில் படர்வது தெரிந்தது. மூட்டம் விலகியிருக்க வேண்டும்.

"ஏய்," என்றாள் அம்மா மெதுவாக. "தெரியுதுடி."

நான் திரும்பிப் பார்க்கப் போனேன்.

"திரும்பாத! நீ திரும்புனா நான் விழுந்துடுவேன். பாதையப் பாரு."

பாதையைப் பார்த்தேன். "எப்படிம்மா இருக்கு?"

அவள் கை என் தோளைத் தேடிப் பிடித்தது.

"நம்ம பெரிய கோயிலு மாதிரியெல்லாம் இல்ல. சின்னதாத்தான் இருக்கு. கருங்கல்லு. உச்சியில மரத்துல குல்லா மாதிரி ஒண்ணு வச்சிருக்காங்க. பின்னால ஒண்ணுமே இல்லடி, வெறும் வானம். கொடி ஆடுது, நம்மளப் பாத்து ஆடுற மாதிரியே இருக்கு. நீ நட, நட. எனக்கு நல்லாத் தெரியுது. நான் சொல்லிக்கிட்டே வரேன்."