வலது பாதி

1

இந்தக் கதை ஒரு தடத்திலிருந்து வந்தது. இந்த ஏப்ரலில், வடதுருவத்தை ஒட்டிய எங்கள் பாஸ்விக் பள்ளத்தாக்கின் உறைந்த ஏரிமேல், பனி ஸ்கூட்டர்கள் அழுத்திப் போட்ட பாதையில் அதைப் பார்த்தேன். இடது ஓரத்தில் ஒரே ஒரு நாயின் கால்தடம். அதன் பின்னால் சறுக்குக் கட்டைகளின் இரட்டைக் கோடு. பாதையின் வலது பாதி முழுக்கத் தொடாத பனி. அது யாருடைய நாய் என்று எனக்குத் தெரியும். தெரியாதிருந்தால் பேசாமல் மீன் பிடிக்கப் போயிருப்பேன். தெரிந்ததால் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

2

"வெகுநாள் கழித்துத் திரும்பிய சூரியனில் பனி தங்கமாய்—"

அடித்துவிட்டேன். இங்கே யாரும் பனியைத் தங்கமாகப் பார்ப்பதில்லை. மேல்தோல் ஆளைத் தாங்குமா, இளகுவதற்குள் வீடு திரும்பிவிடலாமா என்றுதான் பார்ப்போம்.

"யோர்டிஸுக்கு ஐம்பத்து மூன்று வயது. அழகி என்று சொல்ல—"

இதையும் அடித்துவிட்டேன். (அழகிதான். பதினொரு வருடமாக அவளிடம் சொல்லாததை உங்களிடம் முதலில் சொல்வது முறையில்லை.)

3

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். என் பக்கத்து வீட்டு யோர்டிஸிடம் பனிவண்டி இழுக்கும் எட்டு நாய்கள் இருந்தன. முதுகு வலி வந்ததும் ஏழு நாய்களைத் தெற்கே ரோரோஸ் ஊர்க்காரர் ஒருவருக்குக் கொடுத்தாள். லாவ் ஒருவனை மட்டும் வைத்துக்கொண்டாள். லாவும் மோஸெயும்* கூடப்பிறந்தவர்கள். ஆறு பருவம் வண்டியை ஒட்டிய கடைசி ஜோடியாக ஓடினார்கள். லாவ் இடது, மோஸெ வலது. தெற்கே போன ஏழில் மோஸெயும் ஒருவன். அவனை வேனில் ஏற்றிக் கதவைச் சாத்தியவன் நான், ஒட்டார்.

(நாயை 'அது' என்று எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை.)

* கலைமான் தின்னும் பாசிக்கு இங்கே லாவ் என்று பெயர். ஈரத்தில் படரும் பாசி மோஸெ. அந்த ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கெல்லாம் அவள் இப்படித்தான் பெயர் வைத்தாள்.

4

போன வருடம் ஈஸ்டர் சனிக்கிழமை. வண்டி இல்லாமல், சறுக்குக் கட்டையில் நிற்கும் ஒரே ஆளை லாவ் இழுப்பானா என்று பார்க்கப் போனோம். யோர்டிஸ் அகலமான பட்டையை இடுப்பில் கட்டி, அதிலிருந்து வந்த கயிற்றை லாவின் சேணத்தில் மாட்டினாள்.

"இவன் சந்தோஷமா ஓடலேன்னா ரோரோஸ்காரருக்கு போன் போட்டுருவேன், ஒட்டார். இவனும் மோஸெயும் ஒண்ணா இருக்கட்டும்."

"அப்புறம் நீ?"

"துரோம்சோ. மக வீட்டு மாடியில உக்காந்து கப்பல் பாப்பேன். நாய் இல்லாத வீட்டுல எனக்கு என்ன வேலை?"

"பக்கத்து வீட்ல நான் இருக்கேனே."

"நீ வண்டி இழுப்பியா?"

சிரித்தேன். வேறென்ன செய்ய.

லாவ் புறப்படவில்லை. அவனுக்கு முன்னால் எப்போதும் ஆறு பேர் கிளம்புவார்கள். அவர்களுக்காகக் காத்து நின்றான். நான் முன்னால் சறுக்கிக் காட்டிய பிறகுதான் ஓடினான். ஓடியவன் நேரே இடது ஓரத்துக்குப் போனான். யோர்டிஸின் இடது கட்டை பாதையைவிட்டு இறங்கி இளம்பனியில் புதைந்தது. விழுந்தாள். எழுந்தாள். மறுபடியும் விழுந்தாள்.

"ஈஸ்டருக்கு இத்தன தடவையா மண்டி போடுவ? பாதிரியார் பாத்தா சந்தோஷப்படுவாரு."

"வாய மூடிட்டு வந்து தூக்குப்பா."

தூக்கினேன். கையுறைக்குள் அவள் கை இருந்த அந்த நேரத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதி வைத்திருக்கிறேன். இங்கே சேர்க்கவில்லை.

5

எழுத்தாளனுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. "லாவ் நடுவுக்கு வந்தான்" என்று ஒரு வரி எழுதினால் போதும். நாய் தங்கும், அவள் தங்குவாள், கதை முடியும். எழுதினேன். வாசித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

நடந்தது இதுதான். ஏரியை நோக்கிய இறக்கத்தில் நான் வேகமெடுத்து, பாதையின் வலது பாதியில், லாவுக்குப் பக்கத்தில் போனேன். என் கட்டைகளின் சத்தம் கேட்டதும் அவன் காது நிமிர்ந்தது. திரும்பிப் பார்க்காமலே பாய்ந்தான். ஐம்பது மீட்டர் இருக்கும், பழைய லாவ் ஓடினான். பின்னால் யோர்டிஸ் கத்திச் சிரித்தாள்.

பிறகு அவன் வலப்பக்கம் தலையைத் திருப்பினான். என்னைப் பார்த்தான். காதுகள் தணிந்தன. இன்னும் கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கி, இடம்விட்டு ஓடினான்.

6

கரையில் தீ மூட்டினோம். தொத்திறைச்சி வாட்டினோம். அவள் ஆரஞ்சை உரித்து எனக்குப் பாதி கொடுத்தாள்.

"ஒட்டார், இத்தன வருஷமா நான் நாய்ங்க முதுகத்தான் பாத்திருக்கேன். அவன் மூஞ்சிய இன்னிக்குப் பாத்தது நீதான். எப்படி இருந்துச்சு?"

ஒரு முடிவு: "மோஸெயத் தேடுறான், யோர்டிஸ். அனுப்பிரு" என்றான் ஒட்டார். அவள் தலையசைத்தாள். (இந்த ஒட்டாரை எனக்குப் பிடித்திருக்கிறது. பழகிப் பார்த்ததில்லை.)

இன்னொரு முடிவு: "சிரிச்சான்" என்றான் ஒட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதி ஆரஞ்சையும் அவனிடமே கொடுத்தாள்.

7

எது நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. முதல் பகுதியை மறுபடி பாருங்கள். நாங்கள் போனது போன ஏப்ரல். தடத்தைப் பார்த்தது இந்த ஏப்ரல்.

"இடது பக்கம்தான் இவனுக்குப் பிடிக்குது போல" என்று அவள் இப்போதும் அவ்வப்போது சொல்கிறாள். ஆமாம் என்கிறேன். எனக்கு அவள் இங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆசைக்கு ஒரு நாயின் ஒரு வருடம் போயிருக்கிறது. ரோரோஸில் இன்னொரு நாய் எந்த ஓரத்தில் ஓடுகிறதோ, கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இன்று ஞாயிறு. காப்பிக்கு வருகிறேன் என்றாள். வாசலில் லாவ் உடம்பை உதறும் சத்தம் கேட்கிறது. எழுதிய தாள் மேசைமேல் இருக்கிறது. அடுப்பும் எரிகிறது. நான் எழுந்து காப்பி ஊற்றப் போகிறேன். தாளை அடுப்பில் போடுவதா, அவள் படிக்க விடுவதா என்பது இனி உங்கள் பக்கம். முதுகு வலியோடு குனிந்து காலணி கழற்ற அவளுக்கு இரண்டு நிமிடம் ஆகும்.