ஆரஞ்சுக் கேக்கின் குறைகள்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து முகம் சுளிக்க வேண்டாம். என் நாத்தனார் என்னைச் சமையலறையை விட்டு வெளியே போகச் சொல்லிவிட்டாள். அது என் சமையலறை, என் ஓவன். நான் எழுதும் மேசையும் அங்கேதான் இருக்கிறது, ஃபிரிட்ஜுக்கும் ஜன்னலுக்கும் நடுவில். ஆகவே இதைக் கட்டிலில் உட்கார்ந்து, மடியில் தலையணையை வைத்து எழுதுகிறேன். வரி கோணலாகப் போனால் பழி என்னுடையது அல்ல.

தொடக்கம் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"புதிதாகத் திறக்கவிருந்த அந்த கஃபேயின் கண்ணாடிக் கதவில் மாலை வெயில்" (விட்டுவிட்டேன். கண்ணாடியைக் கண்டால் போதும், எழுதுகிற எங்களுக்கு அதில் வெயிலை விழவைத்தாக வேண்டும்.)

"அவள் மாவைச் சலித்தாள். அவள் வாழ்க்கையும் அப்படித்தான்" (எப்படித்தான்? எனக்கே தெரியவில்லை. அடித்துவிட்டேன்.)

"ஒரு நல்ல கேக் எப்படிக் கெட்டுப்போகிறது என்பதை" (இது கட்டுரை. ஆனாலும் மூன்றில் இதுதான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் நிற்கிறது. இங்கிருந்தே போகிறேன்.)

2

நாத்தனார் என்றால் என் கணவரின் தங்கை. வெளியே அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு, வீட்டில் கூப்பிடுவது ஊசி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். வலிக்காமல் ரத்தம் எடுப்பாள் என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவளைத் தேடி வருவார்கள். கூடத்தை வேறு யாரோ வாங்கினார்கள், தங்கள் ஆட்களைக் கொண்டுவந்தார்கள், இவள் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

வந்த நாளிலிருந்து விருந்தாளியாகவே இருந்தாள். "அண்ணி, காபி போட்டுக்கலாமா?" "அண்ணி, இந்த டம்ளர்ல குடிக்கலாமா?" ஃபேன் போடக்கூட அனுமதி கேட்டாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "இது உன் அண்ணன் வீடும்மா! ஃபேன் போடறதுக்கெல்லாம் மனு குடுக்காத!" என்று கத்தியேவிட்டேன். அதற்கும் "சரிங்க அண்ணி" என்றாள். அன்று எனக்கு அழுகை வந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுச் சமாளித்தேன்.

(பிற்பாடு இதைப் படித்துவிட்டு ஊசி சொன்னது: "நான் ஃபேனுக்கெல்லாம் கேட்டதில்ல. டிவிக்குத்தான் கேட்டேன்." கதைக்கு ஃபேன்தான் பொருந்துகிறது. ஃபேனே இருக்கட்டும்.)

அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரையும் கேட்காமல் ஓவனைப் போட்டாள். வெண்ணெய் போதவில்லை, எண்ணெயை ஊற்றினாள். முட்டை குறைந்தது, தயிரை விட்டாள். புளிப்பென்று யாரும் தொடாமல் ஓர் ஆரஞ்சு கிடந்தது. அதன் தோலைத் துருவி, சாற்றைப் பிழிந்து சேர்த்தாள். எதையும் அளக்கவில்லை. வேலையில் துளித்துளியாக அளந்து அலுத்துப்போன கை அது.

3

கேக் ஆறுவதற்குள் கடைக்காரர் வந்தார். எங்கள் தெருமுனையில் கஃபே திறக்கப்போகிறவர். சுவரில் துளை போடும் சத்தம் தொந்தரவாக இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

(இப்படி ஒரு மனிதர் இருப்பாரா என்று எனக்கும் சந்தேகம்தான். கதைக்குக் காரம் சேரட்டும் என்று இவரை முரடனாக எழுதிப் பார்த்தேன். எத்தனை தடவை எழுதினாலும் மனிதர் கதவைத் தட்டிவிட்டு இரண்டடி பின்னால் தள்ளி நிற்கிறார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.)

ஊசி ஒரு துண்டை நீட்டினாள். நின்றபடியே தின்றார். தட்டை நீட்டி இன்னொன்று கேட்டார். அடுத்ததை அவரே எடுத்துக்கொண்டார்.

"யாரு பண்ணது இது?"

"நான்தாங்க. சும்மா, பண்ணிப் பாத்தேன்."

"எங்க அடுப்படிக்கு ஆள் தேடிட்டிருக்கேன். அடுத்த மாசம் முதல் சனிக்கிழமை என் கூட்டாளிங்க ரெண்டு பேர் வர்றாங்க. இதையே எடுத்துட்டு வாங்க. அவங்களுக்கும் பிடிச்சிருந்தா, அடுப்படியை நீங்களே பாத்துக்கங்க."

அவர் போன பிறகு ஊசி யாரையும் கேட்காமல் ஃபேனைப் போட்டுக்கொண்டு அதன் அடியில் உட்கார்ந்தாள்.

அவளுக்கு இந்த வேலை கிடைக்க வேண்டும். கதை அவ்வளவுதான். இதற்கு மேல் ஆழமாக ஏதோ வரப்போகிறது என்று காத்திருக்காதீர்கள்.

4

இங்கேதான் நான் மூக்கை நுழைக்கிறேன். நானும் ஒரு துண்டு சாப்பிட்டிருந்தேன். "நல்லாத்தான் இருக்கு, ஆனா" என்று ஆரம்பித்தேன். ஆனாவுக்குப் பிறகு நான் சொன்ன எல்லாமே சரி. இப்போதும் அதையேதான் சொல்வேன். கடையில் வைத்து விற்கிற கேக் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? "வா, நாலு கடையில சாப்பிட்டுப் பாப்போம்" என்று அவளைக் கிளப்பிக்கொண்டு போனேன்.

கஃபேக்களைப் பற்றி ஒரு வார்த்தை. (ஒரு வார்த்தையில் முடியாது. எனக்கு நிறைய வயிற்றெரிச்சல் இருக்கிறது.) முதல் கடையில் நாற்காலிக்கு முதுகே இல்லை. இரண்டாவதில் பாட்டுச் சத்தம் எப்படியென்றால், நான் காபி கேட்கிறேன், பரிமாறுகிற பெண் கழிப்பறைக்கு வழி காட்டுகிறாள். மூன்றாவதில் என்னென்ன கிடைக்கும் என்பதைக் கூரைக்குப் பக்கத்தில் கரும்பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். அண்ணாந்து படித்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. நான்காவதில் தட்டுக்குப் பதில் ஒரு மரப்பலகை. ஃபோர்க்கை அழுத்தினேன், பாதிக் கேக் பக்கத்து மேசைக்காரர் மடிக்குப் போனது. எல்லாக் கடையிலும் வாய் நிறைய இருக்கிற நேரம் பார்த்து வந்து "எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள்.

நான் ஊசியிடம் பதில் சொன்னேன். "பாத்தியா, எவ்வளவு ஈரமா இருக்கு! உன்னது ஓரமெல்லாம் வறண்டுபோச்சு." வீட்டுக்கு வந்து வெண்ணெயைக் கூட்டினாள். "எப்படிக் குமிஞ்சு நிக்குது பாரு. உன்னது நடுவுல அமுங்கிப்போச்சு." பேக்கிங் பவுடரைக் கூட்டினாள். ஒரு கடையில் பட்டை வாசனை, ஒரு கடையில் வால்நட். இன்னொன்றில் மேலே உப்பைத் தூவியிருந்தார்கள், அதையும் தூவினாள். சனிக்கிழமை கடை, ஞாயிற்றுக்கிழமை ஓவன். வாராவாரம் கேக் திருந்திக்கொண்டே வந்தது.

(எழுதுகிறவர்களுக்கு இது புரியும். முதலில் எழுதுவது கோணல்மாணலாக இருக்கும். ஒருவர் நீளம் என்பார், குறைப்போம். ஒருவர் புரியவில்லை என்பார், விளக்குவோம். கடைசியில் யாரும் குறை சொல்ல முடியாத ஒன்று கையில் இருக்கும். அதை யார் எழுதியது என்றுதான் தெரியாது. சரி, கதைக்கு வருகிறேன். கட்டுரை எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.)

5

இன்று வெள்ளிக்கிழமை. மதியம் வந்த கேக்கில் ஒரு குறை இல்லை. கத்தி இறங்குவதே தெரியவில்லை. ஒரு வாய் சாப்பிட்டேன். எங்கேயோ சாப்பிட்ட ருசி. எங்கே என்று யோசித்தால், போன நாலு கடையிலும்.

என் கணவரிடம் ஒரு துண்டு கொடுத்தோம். இவரைக் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று தொடக்கத்திலிருந்தே யோசித்துக்கொண்டிருக்கிறேன். லிஃப்ட் பழுது பார்ப்பவர். எதைக் கொடுத்தாலும் "நல்லாத்தானே இருக்கு" என்று சாப்பிடுவார். கருத்தே இல்லாத ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இன்றும் மென்று முடித்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு. எந்தக் கடையில வாங்கினீங்க?" என்றார்.

ஊசி கத்தியைக் கழுவுதொட்டியில் போட்டாள். போட்டாள் என்ன, எறிந்தாள்.

"நாளைக்கு அவர்கிட்ட எதைக் கொண்டுபோறது அண்ணி? அவர் கேட்டது இது இல்ல. நான் பழையபடி பண்ணப்போறேன். நீங்க இங்க நின்னா எனக்குக் கை ஓடாது. வெளிய போங்க."

"யாரை வெளிய போகச் சொல்ற?"

"உங்களைத்தான்."

கதவை அறைந்து சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். நல்லதுக்குச் சொன்னால் இதுதான் கிடைக்கும் என்று தலையணையிடம் புலம்பினேன். அப்புறம்தான் உறைத்தது, இதற்கு அவள் அனுமதி கேட்கவில்லை.

6

இந்த இடம் வரை எழுதியிருந்தபோது அறைக்கதவு திறந்தது. கை நிறைய மாவோடு ஊசி.

"பழையபடி வரமாட்டேங்குது."

"எழுதி வைக்கலையா?"

"அளந்திருந்தாத்தானே எழுத." கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "நீங்க எழுதறவங்கதானே அண்ணி. அன்னைக்கு ருசி எப்படி இருந்துச்சு? சொல்லுங்க, நான் பிடிச்சுக்கறேன்."

"அது வந்து" என்றேன். பேனாவை எடுத்தேன், அதுதான் எனக்குத் தெரிந்த தொழில்.

"நாக்கில் பட்டதும்" (விட்டுவிட்டேன்.)

"ஆரஞ்சின் அந்த" (எந்த?)

ஒன்றும் வரவில்லை. மூன்றாவது கடையின் கரும்பலகையை இப்போது கேட்டாலும் மேலிருந்து கீழே ஒப்பிப்பேன். அந்தக் கேக்கில் என்ன நன்றாக இருந்தது என்று ஒரு வரி தேறவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"சரி விடுங்க. என்ன குறைன்னு சொன்னீங்களே, அதாவது ஞாபகம் இருக்கா?"

"அது எப்படி மறக்கும்?" என்று எரிந்து விழுந்தேன். "நடுவுல அமுங்கியிருந்துச்சு. ஓரம் வறண்டிருந்துச்சு. சர்க்கரை பத்தல. லேசாப் புளிச்சுது. தோலைப் பெரிசு பெரிசாத் துருவி பல்லுல மாட்டிக்கிச்சு. கையில எடுத்தா உதிர்ந்து, சட்டையெல்லாம் தூள்."

சொல்லச் சொல்ல ஊசி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இருங்க, இருங்க. மெதுவா. ஒண்ணு விடாம சொல்லுங்க."

"என்ன, கிண்டல் பண்றியா?"

"இல்ல அண்ணி. அதைத்தான் நான் பண்ணணும்."

7

மறுபடி சமையலறைக்குள் சேர்த்துக்கொள்ளப்பட்டேன், குறை சொல்வதற்காக. என் வாழ்நாளில் இந்தத் திறமைக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

நான் ஒரு குறையைச் சொல்வேன். அது எதனால் வந்தது என்று அவள் தேடுவாள், பரிசோதனைக் கூடத்தில் தேடியதைப் போல. ஓரம் வறண்டதா? அப்போது அந்தப் பழைய தகர டின். புளித்ததா? தயிரும் அந்த ஆரஞ்சும். பல்லில் மாட்டியதா? துருவியில் பெரிய கண் இருக்கிற பக்கம். நடுவில் ஏன் அமுங்கியது என்பதுதான் பிடிபடவில்லை.

"பாதியில யாராவது ஓவனைத் திறந்தா அமுங்கும்" என்றாள். இருவரும் ஒரே நேரத்தில் ஹாலைப் பார்த்தோம். என் கணவர் செருப்பின் வாரைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இங்க வா. வந்து இதைத் திற."

"நான் ஒண்ணும் பண்ணலையே!"

"அன்னைக்குப் பண்ணியே, தலையை உள்ள விட்டு. அதையே பண்ணு. எவ்வளவு நேரம் திறந்து வச்சிருந்த?"

"எண்ணிக்கிட்டா இருந்தேன்? 'என்ன வாசனை இது, சாப்பிடலாமா'ன்னு கேட்டேன். நீ முறைச்ச. மூடிட்டேன்."

நேரம் வந்ததும் திறந்தார். "என்ன வாசனை இது, சாப்பிடலாமா?" என்றார், நாடகத்தில் நடிப்பவர் போல் விறைப்பாக. ஊசிக்கு முறைக்க வரவில்லை. சிரித்துச் சிரித்து ஃபிரிட்ஜில் சாய்ந்துவிட்டாள். (இவரைக் கதையிலிருந்து எடுக்கப்பார்த்தேனே என்று நினைத்தால் திக்கென்கிறது.)

கேக் அமுங்கியது. கைதட்டினோம்.

இரண்டு கேக் சுட்டிருந்தாள். ஒன்றை வெட்டி என்னிடம் நீட்டினாள். தின்றேன். உதிர்ந்தது, புளித்தது, பல்லில் மாட்டியது. எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

"ருசி? அதேதானா?"

பொய் சொல்லியிருக்கலாம். "குறையெல்லாம் அதேதான்" என்றேன். "ருசி எனக்குத் தெரியலம்மா."

அவள் மற்றதை டப்பாவில் வைத்து மூடினாள்.

8

சனிக்கிழமை காலை. கடைக்கு எதிரே, பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து இதை ஃபோனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். கூட வரக் கூடாது என்றாள். எதிரே உட்காரக் கூடாது என்று சொல்லவில்லை. கண்ணாடி வழியே எல்லாம் தெரிகிறது: கடைக்காரர், கூட்டாளிகள் இருவர், நடுவில் டப்பா, ஊசி.

முடிவு ஒன்று: கடைக்காரர் எழுந்து அடுப்படிச் சாவியை அவள் கையில் (வாழ்க்கை இவ்வளவு சுலபமாக இருந்தால் நான் ஏன் கதை எழுதப்போகிறேன்?)

முடிவு இரண்டு: கூட்டாளிகளில் ஒருவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு (எழுதக் கை வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு வீட்டுக்கு அவள் போவதை என்னால் எழுத முடியாது.)

முடிவு மூன்று: "நல்லாத்தான் இருக்கு, ஆனா" என்கிறார் இன்னொருவர் (ஐயோ, இது நான்.)

எல்லோர் தட்டிலும் ஒரு துண்டு விழுந்துவிட்டது. ஒருவர் சட்டையைத் தட்டிவிட்டுக்கொள்கிறார். கடைக்காரர் குனிந்து மென்றுகொண்டிருக்கிறார், முகம் தெரியவில்லை. நிமிருங்களேன் ஐயா! உங்கள் உச்சந்தலையை வைத்துக்கொண்டு நான் என்ன எழுதுவது?

ஊசி அவரைப் பார்க்கவில்லை. ஒரு துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்கிறாள். இத்தனை ஞாயிறிலும் தன் கேக்கை அவள் தின்று நான் பார்த்ததில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். இப்போது யார் வாயையும் பார்க்காமல், ஜன்னல் பக்கம் திரும்பி, மெதுவாக மெல்கிறாள். முடித்துவிட்டு இன்னொரு வாய் எடுத்துக்கொள்கிறாள். அந்த முகத்தைப் பார்த்தபடி ஃபோனில் தப்புத் தப்பாகத் தட்டுகிறேன்.

கடைக்காரர் நிமிர்ந்து ஏதோ சொல்கிறார். இங்கே கேட்கவில்லை. சாலையைத் தாண்டிக் கதவைத் தள்ளினால் கேட்கும். ஆனால் நான் உள்ளே போனால் என் வாய் சும்மா இருக்காது; உங்களுக்கே இதற்குள் தெரிந்திருக்கும்.

நீங்கள் போங்கள். அவர் என்ன சொன்னார் என்று கேட்டுவிட்டு வாருங்கள். உங்களுக்கும் ஒரு துண்டு நீட்டுவாள். வாங்கிச் சாப்பிடுங்கள். தயவுசெய்து, சாப்பிட மட்டும் செய்யுங்கள்.