வளர்க்க ஆளில்லாத பிள்ளை

சித்தியின் கால்விரல் இடுக்கில் காய்ந்திருந்த சேற்றை சுதர்ஷினி ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். இடது காலில் போய்விட்டது. வலது காலில் நகத்துக்குள் புகுந்துகொண்டு வர மறுத்தது.

"போதும் சுதா. தேய்ச்சுத் தேய்ச்சு தோலு வந்துறப் போவுது" என்றாள் அதே லயத்து வரிசையில் நாலு வீடு தள்ளி இருக்கும் மீனம்மா.

வெளியே சாவுத் தப்பு முழங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் பெண்கள் சுவரோரமாக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

பூரணிச் சித்தி அம்மாவின் தங்கை. சுதர்ஷினி சிறுமியாக இருக்கையிலேயே அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டாள். தேயிலைக் கொழுந்து பறித்துப் படிக்க வைத்ததும், பேன் பார்த்ததும், வந்த மாப்பிள்ளைகளை "புள்ளய எங்க விடுறது" என்று திருப்பி அனுப்பியதும் சித்திதான். இது லயத்து நாய்க்குக்கூடத் தெரியும். பல்கலைக்கழகத்துக்குத்தான் தெரியாது.

தெரியாமல் பார்த்துக்கொண்டவள் சுதர்ஷினி. தோட்டத்து முன்பள்ளி டீச்சரான அவள், பட்டப்படிப்புக்காக வாரம் ஒரு மாலை ஃபோனில் குழந்தை வளர்ச்சி ஆய்வுக் கருத்தரங்கில் உட்காருவாள். தாய் வெளிநாடு போன பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு அது. சொந்த அனுபவம் உள்ளவர்கள் பேசலாம் என்றார் விரிவுரையாளர். சித்தி வளர்த்தாள் என்றால் கதை சப்பென்று போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது. "அம்மா போன பிறகு என்னை வளர்க்க வீட்டில் யாரும் இருக்கவில்லை" என்றாள். பொய்க்குக் கால் முளைத்தால் சும்மா நிற்குமா? தானே சமைத்தாள், தனியே தூங்கினாள் என்று அது ஓடியது. விரிவுரையாளரின் குரல் தழுதழுத்தது. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் சித்தி ரொட்டி தட்டும் சத்தம் நின்றுபோனதை அவள் பிறகுதான் கவனித்தாள்.

சித்தி ரொட்டியையும் சம்பலையும் வைத்து, ஆறிப்போகும் முன் சாப்பிடச் சொன்னாள். அடுத்த வாரம் வகுப்பு தொடங்கும் நேரத்தில், கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க போறீங்க சித்தி?"

"மீனம்மா வீட்டுக்கு. கிளாசு முடிஞ்சதும் கூப்புடு. ஆளில்லாத வீட்டுல நான் குறுக்கநெடுக்க நடந்தா நல்லாவா இருக்கும்?"

குத்திக்காட்டவில்லை. மழை வருது, துணிய எடு என்பதைப் போலத்தான் சொன்னாள். சுதர்ஷினி தடுக்கவில்லை. வசதியாக இருந்தது.

நேற்றும் அப்படித்தான் போனாள். மீனம்மா தலவாக்கலைக்குப் போயிருந்தது இருவருக்கும் தெரியாது. பூட்டிய கதவுக்கு முன்னால், சாரலில், மூச்சிளைப்புக்காரி படியிலேயே உட்கார்ந்திருக்கிறாள். திரும்பி வீட்டுக்கே வந்திருக்கலாம். சுதர்ஷினி இன்னும் கூப்பிடவில்லையே. பஸ்ஸை விட்டு இறங்கி வந்த மீனம்மா தொட்டுப் பார்த்தபோது உயிர் போய் உடம்பு சில்லிட்டிருந்தது. நாலு வாசல் தள்ளி, காதில் இயர்போனோடு, சுதர்ஷினி குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

"சுதர்ஷினி."

நிமிர்ந்தாள். கருத்தரங்கில் கூடப் படிக்கும் ஜெயந்தினி, நுவரெலியாவிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். 'வீட்டில் ஒரு மரணம்' என்று மட்டும் சுதர்ஷினி வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தாள். யார் என்று போடவில்லை.

"இவங்க யாரு? ஒங்களுக்குத்தான் யாரும் இல்லன்னு சொன்னீங்களே."

சுதர்ஷினி வாயைத் திறந்தாள். அதற்குள் மீனம்மா முந்திக்கொண்டாள்.

"தூரத்துச் சொந்தம்மா. ஒத்தையா கெடந்தவ. இந்தப் புள்ளதான் பாவம் பாத்து எடுத்துச் செய்யுது."

சுவரோரத்துப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்திகூட மறுக்கவில்லை.

ஜெயந்தினி கும்பிட்டுவிட்டுத் தள்ளிப் போனதும், மீனம்மா காதோடு சொன்னாள். "ஒன் சித்திதான் எங்ககிட்ட சொல்லி வச்சிருந்தா. கிளாசு ஆளுங்க யாராச்சும் வந்து கேட்டா இப்பிடித்தான் சொல்லணுமாம். இல்லாட்டி ஒன் படிப்பு கெட்டுப்போவுமாம்."

அப்படியானால் அந்தப் பொய் லயம் முழுக்கத் தெரிந்திருக்கிறது. தண்ணீர் பிடிக்கும் பீலியில், கொழுந்து நிறுக்கும் இடத்தில், "கிளாசு எப்பிடிப் போவுது டீச்சர்" என்று கேட்ட அத்தனை பேருக்கும். வெட்கம் காய்ச்சலைப் போலக் காதுவரை ஏறியது. நிமிர்ந்து ஒருவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை. சித்தியின் முகத்தைக்கூட.

சடங்கு செய்யும் ஆண்டியப்பன் வாசலில் வந்து நின்றார். "தூக்கப் போறோம். வாய்க்கரிசி போடுறவங்க வாங்க. மொதல்ல மக..."

சொல்லும்போதுதான் ஜெயந்தினியைப் பார்த்தார். குரல் இறங்கியது.

"யாராச்சும் போடுங்க."

யாரும் அசையவில்லை. அரிசித் தட்டு மீனம்மாவின் மடியில் இருந்தது. அவள் அதை நீட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

சுதர்ஷினி எழுந்தாள். தட்டிலிருந்து மகள் போடும் முதல் பிடியை அள்ளிக்கொண்டு தலைமாட்டுக்கு நடந்தாள். ஜெயந்தினி சுவரோடு ஒட்டி வழிவிட்டாள்.

கால் துடைத்த ஈரம் கையில் இன்னும் காயவில்லை. விரல்களை விரித்தபோது அரிசி விழாமல் உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டது. மற்றக் கையால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். வெளியே தப்பை நிறுத்திவிட்டு எல்லாரும் காத்திருந்தார்கள்.