சமூகச்சுடரின் கடவுச்சொல்

மிச்சம் என்ற ஆங்கிலேய ஊரில் மூன்று சங்கங்களுக்குத் தலைவரும், மனைவி போனபின் தனியாக இருப்பவருமான 'சமூகச்சுடர்' சண்முகராசாவின் மின்னஞ்சலும் முகநூலும் களவுபோய்ப் பத்தொன்பது நாள். இன்று மத்தியானம்தான் சங்கச் செயலாளர் பிரீத்தா வந்து மீட்டுக்கொடுத்தாள்.

"கள்ளனுக்குக் கஷ்டமே இல்லை, அங்கிள். கடவுச்சொல் மறந்தால் கேக்கிற அம்மாவின்ரை பேர், முதல் படிச்ச பள்ளிக்கூடம், வீட்டிலை கூப்பிடுற பேர் எல்லாத்தையும் உங்கட மணிவிழா மலரிலை அச்சடிச்சு ஐந்நூறு பேருக்குக் குடுத்திருக்கிறியள்."

"எழுநூற்றைம்பது," என்று திருத்தினார்.

"ஒருத்தரும் வாசிக்கேல்லை எண்டு கவலைப்பட்டியளே. ஒராள் வடிவா வாசிச்சிருக்கு."

கடவுச்சொற்களை மாற்றிவிட்டு அவள் வேலைக்குப் போனாள்.

தன் பெயரில் யார் யாரிடம் காசு கேட்டிருப்பான் என்று பதறிப்போய் முகநூலைத் திறந்தார். ஒருவரிடமும் கேட்கவில்லை. ஒரே ஒருத்தியுடன்தான் அந்தப் பத்தொன்பது நாளும் பேச்சு. அவருடைய மகள் தக்ஷிகா.

அவளுடைய கலியாணக் கார்டில் தன் பெயருக்கு முன்னால் பட்டம் இல்லை என்று மண்டபத்துக்கே போகாதவர் அவர். அதோடு நாலு வருடமாக அவளோடு கதை பேச்சு இல்லை.

'பிழை என்னிலைதான், பிள்ளை..' என்று கள்ளன் தொடங்கியிருந்தான். வசனத்துக்கு வசனம் இரண்டு புள்ளி வைக்கும் அவருடைய பழக்கம்கூட அப்படியே இருந்தது. கீழே அவள்: 'அபிஷனுக்குப் பல்லு முளைச்சிட்டுது, அப்பா.'

பேரன் பிறந்ததே அவருக்குத் தெரியாது.

அவசரமாகத் தட்டினார்: 'அன்பு மகளுக்கு, சமூகச்சுடர் சண்முகராசாவாகிய யான் அறியத்தருவது யாதெனில்...'

'ஆர் இது?'

'உன்ரை அப்பாதான்.. முந்தி எழுதினது கள்ளன்..'

'இப்பிடி ஒராள் வந்து நான்தான் அப்பா எண்டு சொல்லும், நம்பாதை எண்டு அப்பா முதலே சொன்னவர்.'

அழைத்தார். எடுக்காமல் வெட்டினாள்.

'குரலையும் போலியாச் செய்து விடுவினமாம். அப்பா இப்ப புது நம்பரிலை வந்திட்டார். ஞாயிற்றுக்கிழமை பேரனைப் பாக்க வீட்டை வாறார்.'

பதில் எழுதினார். போகவில்லை. அவள் அவரைத் தடைசெய்துவிட்டாள்.

ஞாயிறு விடியவே போய் அவள் வாசலில் நிற்பது, வருகிறவன் யாரென்று முகத்துக்கு முகம் பார்த்துவிடுவது என்று தீர்மானித்து மேல்கோட்டை மாட்டிப் பார்த்தார். இரண்டு பொத்தான் போட்டபின் கை நின்றது.

மகளின் வீடு எங்கே என்று அவனுக்குத்தான் தெரியும்.