கணவர் புலம்பல், நான்கு வரி

எழுந்து முகம் கழுவினேன். கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குசினிக்குள் வைத்தேன். இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஆடி மாதம், நாடு முழுக்கக் காஸ் இல்லை. விறகு மூட்டிப் பிளேன்ரீ போட்டேன். குடித்தேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன். முற்றம் கூட்டினேன். மின்சாரம் போனது.

பிறகு இராசதுரை மாஸ்டர் வந்தார். என் மனைவி சிவாஜினியின் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு எழுதுபவர். எங்கள் ஆட்களின் வழக்கம் அது. செத்தவரின் படம், தேவாரம், பிறகு உறவினர் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு புலம்பல் பாட்டு. சிறு புத்தகமாக அடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள்.

சிவாஜினியின் அம்மா, கமலாதேவி மாமி, அவருக்குக் கதிரை இழுத்துப் போட்டார். செத்த வீட்டுக்கு மூதூரிலிருந்து வந்தவர், இன்னும் திரும்பிப் போகவில்லை.

"தம்பி, கடதாசித் தட்டுப்பாடு," என்றார் மாஸ்டர். "அச்சகத்தான் பக்கத்தைக் குறைக்கச் சொல்லிப்போட்டான். கணவர் புலம்பலுக்கு நாலு வரிதான் வரும்."

"காணும். அது போதும்."

"கட்டின மனிசிக்கு நாலு வரியில அழுது முடிக்கிற முதல் ஆள் நீர்தான்."

"விசர்க்கதை கதைக்காம எழுதுங்கோ மாஸ்டர்," என்றார் மாமி.

"எழுதத்தானே கேக்கிறன். தாய் புலம்பலுக்கு ஒரு விசயம் வேணும். பிள்ளை கடைசியா என்ன சொன்னவ?"

மாமி என்னைப் பார்த்தார். இத்தனை நாளும் அவர் அதைக் கேட்கவில்லை. அவள் செத்த அன்று டீசல் இல்லாமல் மூதூர் பஸ் ஓடவில்லை. அவர் வந்து சேர்ந்தபோது மகள் பெட்டிக்குள் இருந்தாள்.

"அம்மா எண்டு கூப்பிட்டவளோ, தம்பி?"

மாஸ்டரின் பேனை நின்றது.

"ஓம் மாமி. அம்மா எண்டுதான்."

"ரெண்டு தரமோ?"

"ரெண்டு தரம்."

மாமி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். பிறகு எழுந்து, மாஸ்டருக்குத் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனார். வந்த நாளிலிருந்து அவர் அடுப்படிப் பக்கம் போனதில்லை.

"உம்மட நாலு வரிக்கு?" என்றார் மாஸ்டர்.

"நீங்களே ஏதும் எழுதுங்கோ."

சிவாஜினிக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு, மூச்சிழுப்பு. அந்த மாதம் எந்த மருந்துக் கடையிலும் அவள் வாயில் வைத்து இழுக்கும் பம்ப் இல்லை. அன்று விடியும்போது மூச்சு இழுக்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டுப் பாயிஸின் ஓட்டோவில் பெற்றோல் இல்லை. அவர் தன் சைக்கிளைத் தந்தார். அவளைக் கரியரில் இருத்திச் சால்வையால் என் இடுப்போடு கட்டிவிட்டதும் அவர்தான்.

உட்துறைமுக வீதியில் எதிர்க்காற்று. குனிந்து மிதித்தேன். அவள் நெற்றி என் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் சால்வையை அவிழ்த்தபோது அவள் இல்லை.

வழியில் ஒரு தடவைதான் பேசினாள். அம்மாவைக் கூப்பிடவில்லை.

"மெல்ல மிதியுங்கோ," என்றாள். "உங்களுக்கு மூச்சு வாங்குது."